உள்ளங்கைச் சீனி

1

இந்த நாட்டில் எதற்கும் ஆண்டு நிறைவு உண்டு. நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த நாள், சிகரெட்டை விட்ட நாள், விவாகரத்து கிடைத்த நாள் என்று எல்லாவற்றுக்கும் அட்டை விற்கிறார்கள். போன வாரம் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்குள்ள மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் கையைப் பிடித்துக் குலுக்கி, எனக்குச் சீனி வியாதி வந்து இரண்டு வருஷம் பூர்த்தியானதற்கு வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். கல்யாண நாளுக்குக்கூட யாரும் என் கையை இவ்வளவு மரியாதையாகக் குலுக்கியதில்லை.

நான் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக்காரன். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு அந்த வளைவுகளில் பஸ்ஸைத் திருப்பும் டிரைவர்மாரை வாய் பிளந்து பார்த்து வளர்ந்தவன். இப்போது இங்கிலாந்தின் நடுவில், ஊரில் ஒருவரும் பெயர் கேள்விப்பட்டிராத ஒரு நகரத்தில், வளைவே இல்லாத ரோட்டில் பஸ் ஓட்டுகிறேன். வயது நாற்பத்தேழு. கிழமையில் இரண்டு நாள் வாலிபால் ஆடுகிறேன். ஒரு நாளைக்கு நாலு தரம் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறேன். சுயசரிதை அவ்வளவுதான்.

வாழ்த்து வாங்கிய அதே கிழமையில், ஊர்த் திருவிழாவை வீடியோ அழைப்பில் பார்த்தேன். அதில் என் அண்ணன் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

2

ஆரம்பத்தில் எனக்கு வந்தது வியாதி என்றே தெரியாது. உடம்பு இளைத்தது. டிப்போவில் எல்லாரும் பாராட்டினார்கள். என்ன சாப்பிடுகிறாய், எந்த ஜிம்முக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். தாகம் எடுத்தது. குடித்தேன். குடித்ததெல்லாம் ஒவ்வொரு பஸ் முடிவிடத்திலும் வெளியேறியது. பஸ்ஸை நிறுத்திவிட்டு நான் ஓடும் ஓட்டத்தைப் பார்த்துப் பயணிகள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

டாக்டர் முதலில் கவலைப்படவே இல்லை. உங்கள் ஆட்களுக்கு இது வழக்கம்தானே என்றார். என் ஆட்கள் என்றால் யார் என்று கேட்க நினைத்தேன். சோற்றைக் குறைக்கச் சொல்லி, குளிசை எழுதி, உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டார். வாலிபால் ஆடுகிறேன் என்றதும் என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குளிசை வேலை செய்யவில்லை. மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்ததில், இது வேறு வகை, பொதுவாகச் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, உங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்றார்கள். இந்த நாட்டில் பஸ் தாமதமானால் என்னிடம் கேட்கிறார்கள். இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து இன்சுலின். இன்சுலின் போடுகிறவன் பஸ் ஓட்டலாம். ஆனால் ஓட்டலாம் என்று அவர்கள் எழுதி அனுப்பும்வரை ஓட்டக்கூடாது. ஒரு கட்டுப் படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: மயக்கம் வரப்போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியும் என்று எழுதினேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பதில் வரும்வரை டிப்போவில் பஸ் கழுவினேன்.

பாஷையும் சேர்ந்து காலை வாரியது. டிப்போ கன்ரீனில் தேநீர் ஊற்றும் பெண்ணிடம், எனக்குச் சுகர் இருக்கிறது என்று நம் ஊர் இங்கிலிஷில் சொன்னேன். என்னிடமும் இருக்கிறது, எத்தனை கரண்டி என்று கேட்டாள்.

மேல்கையில் ஒரு பொத்தானை ஒட்டிவிட்டார்கள். அது இரத்தத்தில் உள்ள சீனியை அளந்து போனுக்குச் சொல்லும். ஏறினாலும் கத்தும், இறங்கினாலும் கத்தும். என் மகள் அபி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னோடு பேசுவதென்றால் மாதத்தில் இரண்டு தரம், அதுவும் ‘ம்’ என்றும் ‘ஓகே’ என்றும். ஒரு விடுமுறையில் வந்தவள் என் போனை வாங்கி எதையோ தட்டினாள். அதன் பிறகு என் சீனி நம்பர் அவளுடைய போனிலும் ஓடத் தொடங்கியது. இறங்கினால் அங்கேயும் கத்தும். உடனே அழைப்பாள். “அப்பா, சாப்பிடு.” அவ்வளவுதான், வைத்துவிடுவாள். என் மகள் என்னோடு பேசுவதில்லை, என் இரத்தத்தோடு பேசுகிறாள் என்று மனைவியிடம் குறைப்பட்டேன். ஏதோ ஒன்றோடு பேசுகிறாளே என்றாள் அவள்.

வாலிபாலை விடச் சொல்வார்கள் என்றுதான் பயந்திருந்தேன். மிஸ்ஸி ஆடு என்றார். ஆடுவதற்கு முன் அளந்து பார், ஊசியைக் குறை, இனிப்பைப் பையில் வைத்துக்கொள், ஊசி போட்டால் உடனே சாப்பிடு. என்னோடு ஆடும் போலந்துக்காரர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் போன் கத்தினால் ஒருவன் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வான், இன்னொருவன் ஜெலி மிட்டாய்ப் பையை நீட்டுவான், நான் மெல்லுவேன், பிறகு ஆட்டம் நடக்கும். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

3

ஊரில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் ஒரு நாற்காலி.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக் களம்தான் வாலிபால் களம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அதே மண்ணில், பின்னேரம் சுண்ணாம்பால் கோடு போட்டு வலை கட்டுவார்கள். என் சித்தப்பா அந்தக் களத்தின் ராஜா. அவர் எழும்பி அடித்தால் பந்து எதிர்ப்பக்கத்தில் விழுந்து கீழ்மலைவரை உருளும். அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று எங்கே போட்டி நடந்தாலும் சித்தப்பாவை லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அவருக்குச் சீனி வந்தது. காலில் சின்னப் புண்ணோ, மயக்கமோ, எதுவும் இல்லை. சீனி என்ற பெயர்தான் வந்தது. அவ்வளவுதான், களத்தின் ஓரத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு, தலைக்குக் காதை மூடும் மங்கிக் குல்லா மாட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றி உட்கார வைத்துவிட்டார்கள். புள்ளி எழுதுவது அவர் வேலை. பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தால்கூட நாலு பேர் ஓடி வருவார்கள். “நீங்க இருங்க, நீங்க இருங்க.” அந்தப் பந்தைத் தொட விட்டால் அவருக்கு என்ன குறைந்துபோகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அன்பு அப்படி. அன்பாலேயே ஒரு மனுஷனை ஆணி அடித்து நாற்காலியில் உட்கார வைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். அவர் சாகும்வரை புள்ளி எழுதினார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

அதனால் போன வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது, ஒரு தீர்மானத்தோடு போனேன். ஆடுவேன். என்ன வந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன்.

4

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து ஊசிகளைப் பார்த்தார். “மே மொனவாத?” என்று கேட்டார். இவை என்ன என்ற கேள்விக்கு நானும் சிங்களத்தில், தியவெடியாவ என்று வியாதியின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மடத் தியெனவா” என்று தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார். எனக்கும் இருக்கிறது என்று, முன்பின் தெரியாத மனுஷர், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்க, ஒரே மூச்சில் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஊரில் என் ஏற்பாடுகள் முதல் நாளே கவிழ்ந்தன. அவசரத்துக்கு என்று ஒரு பை நிறைய ஜெலி மிட்டாய் கொண்டுபோயிருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மதினி அதைக் கண்டுபிடித்து, தம்பி வெளிநாட்டு மிட்டாய் கொண்டு வந்திருக்கிறார் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பங்கிட்டு முடித்திருந்தார். என் மருந்தை மென்றுகொண்டே பிள்ளைகள் எனக்கு டாட்டா காட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே கை காட்டினேன். கையில் இருக்கும் பொத்தானையும் மதினிதான் முதலில் பார்த்தார். பிளாஸ்டர் என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாலிபால் வலையை மடித்துப் பையில் வைக்கப் போய்விட்டார்.

பிறகு சாயத்தண்ணி. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் ஒரு கோப்பை தேநீர், உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. ஒரு மிடறு, ஒரு நக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் கோப்பையை நீட்டுமுன் சீனிக் கரண்டியோடு நிற்பார்கள், உள்ளங்கையைக் காட்டாமல் தப்ப முடியாது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நாற்காலி. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சீனியை வாங்கிக் கையை மூடிக்கொள்வது, நக்குவதுபோல வாய்வரை கொண்டுபோவது, பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் தேயிலைச் செடிப் பக்கம் உதறிவிடுவது. அந்த ஒரு வாரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் நின்ற தேயிலைச் செடிகளைப்போல இனிப்பாக வாழ்ந்த செடிகள் மலையகத்தில் இருக்காது.

சாயத்தண்ணிக்கு அண்ணன் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அவரும் கையை மூடிக்கொண்டுதான் பேசிக்கொண்டிருப்பார். குடித்து முடிந்ததும் எழுந்து தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வருவார். ஐம்பது தாண்டிய பிறகு இவ்வளவு சுத்தம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

5

திருவிழா அன்று கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வாலிபால் போட்டி. ஆகாதவர்கள் எழும்பினால் வலைக்கு மேலே இடுப்புத் தெரியும். எங்கள் அணியில் எழும்பினால் மூச்சுத்தான் தெரியும். அண்ணன் தலைவர். தேயிலை ஸ்டோரில் மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய தோள், இன்னும் அடிக்கிற கை. அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது நான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்த ஜோடிதான்.

மத்தியானம் மதினி கோயிலிலிருந்து வந்து, “சோறு எறக்கியாச்சு தம்பி, பத்து நிமிசத்துல எல போட்டுருவாங்க” என்றார்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம் என்று நம்பினேன். ஊரிலேயே இருந்திருந்தால் எவனும் நம்பியிருக்க மாட்டான். எனக்குள் இருந்த பஸ் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான், கணக்குப் போட்டான், அறைக்குள் போய் ஊசியைப் போட்டுவிட்டு வந்தான்.

வெளியே வந்தால் தேர் இன்னும் மேல் லயத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வாசலிலும் தேங்காய், ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி. தேர் திரும்பி வராமல் ஒரு பருக்கை பரிமாறக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, எல்லாச் சமையலும் கோயிலில்தான். சரி, சும்மா இருக்கிற நேரத்தில் ஆட்டத்தை முடிப்போம் என்று இளவட்டங்கள் பந்தை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றிருந்தால் போதும். சாமி சாப்பிடுமுன் நான் மட்டும் தின்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆடினேன். போனையும் பையையும் மதினியிடம் கொடுத்துவிட்டு ஆடினேன். அண்ணன் தைத்துக் கொடுத்த அணிக் காற்சட்டையில் பை கிடையாது. இருந்தாலும் அதில் வைக்க மிட்டாய் கிடையாது.

முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவதை நாங்கள் எடுத்தோம். இடைவேளையில் சாயத்தண்ணி வந்தது. சாயத்தண்ணி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, சாமியும் கோபிக்காது. பெண்கள் வரிசையாக வந்து எங்கள் கைகளில் சீனி வைத்தார்கள். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. காது அடைத்தது. எனக்குத் தேவையான மருந்தை என் உள்ளங்கையிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மங்கிப்போன மூளை பழக்கத்தை மட்டும் மறக்கவில்லை. நான் ஓரமாகப் போய், நேர்த்தியாக, அதைத் தேயிலைச் செடிக்கு உதறிவிட்டு வந்தேன்.

மயக்கம் வரப்போவது முன்கூட்டியே தெரியும் என்று படிவத்தில் எழுதிய அதே ஆள்தான்.

இனி நடந்ததில் பாதி மதினி சொல்லிக் கேட்டது. களத்தின் நடுவில் நின்று நான் நடுங்கினேனாம். கண் ஒரு பக்கமாகச் செருகியதாம். யாருக்கும் விளங்காத பாஷையில், அதாவது இங்கிலிஷில், அடுத்த நிறுத்தத்தில் இறங்கச் சொல்லிக் கத்தினேனாம். தேரோடு வந்த தப்பு மேளக்காரர்கள் சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்தார்கள். திருவிழா நாளில், வெறும் வயிற்றோடு, ஒருவன் நடுங்கினால் எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. சாமி வந்துவிட்டது. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவன்மேல் வந்திருக்கிறது. தப்பை ஓங்கி அடித்தார்கள். அடிக்க அடிக்க எனக்கு நடுக்கம் கூடியது, கூடக் கூட அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. விபூதியை அள்ளி வீசினார்கள். வேப்பிலை கொண்டுவந்தார்கள். கைக்குழந்தையை என் காலில் போட்டு எடுத்தார்கள். சம்பளப் பிரச்சினை எப்போது தீரும் என்று யாரோ குறி கேட்டார்களாம். சாமி வாயைத் திறக்கவில்லை. அதற்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் மதினியின் மடியில் இருந்த என் போன் அடித்தது. அதற்கு முன் அது கத்தியதையெல்லாம் ஏதோ மெசேஜ் என்று மதினி விட்டிருந்தார். இங்கிலாந்தில் அப்போது காலை. அபி. அவளுடைய தமிழில் மரியாதைக்குத் தனியாக இடம் கிடையாது.

“பெரியம்மா, அப்பா விழும். சீனி குடு. இப்ப குடு. நெறைய குடு.”

மதினி போனைக் கையில் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார், சாமிக்குச் சீனி வேண்டுமாம் என்று. யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் கொடுக்கச் சீனி இல்லை. அவரவர் கையில் இருந்ததை அவரவர் நக்கி முடித்திருந்தார்கள். டின் காலி. இரண்டு பேர் சீனி எடுக்க மேட்டில் இருந்த லயத்துக்கு ஓடினார்கள்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது இதற்கு அப்புறம்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். ஒரு கையால் என் தாடையைப் பிடித்தார். மற்றக் கையை என் வாய்க்கு முன்னால் கொண்டுவந்து திறந்தார். அந்த உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனி அப்படியே இருந்தது. ஒரு நக்குக்கூட நக்கப்படாமல், வேர்வையில் ஓரம் கரைந்து, கட்டியாக. அதை அவர் என் வாய்க்குள் போட்டு, சாயத்தண்ணியை ஊற்றி, விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். இனிப்பும் உப்புமாக இறங்கியது.

6

தெளிந்தபோது உட்கார்ந்திருந்தேன். எங்கே என்று பார்த்தேன். மர நாற்காலி. சித்தப்பாவின் நாற்காலி. சாமி தரையில் உட்காரலாமா என்று யாரோ ஓடிப்போய் அதைத்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். எதற்குப் பயந்து ஒரு வாரம் தேயிலைக்குச் சீனி ஊட்டினேனோ, அதிலேயே கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். மடியில் மேல் லயத்திலிருந்து வந்த புதுச் சீனி டின். சாமி அதிலும் ஒரு பங்கு தின்றிருந்தது.

அண்ணன் என் காலடியில் குந்தியிருந்தார். தப்புச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

“எத்தன வருசமாண்ணே?” என்று கேட்டேன்.

“மூணு. ஒனக்கு?”

“ஒன்னு.”

அவர் நாற்காலியின் காலைத் தட்டிப் பார்த்தார். “இத ஒடச்சு அடுப்புல வைக்கணும்னு எத்தனையோ தடவ எடுத்தேன். மனசு வரல. அடுத்தது எனக்குத்தான் போடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ முந்திக்கிட்ட.”

மாதத்துக்கு ஒரு தரம் வலைக்குக் கயிறு வாங்கவேண்டும் என்று சொல்லி ஹட்டனுக்குப் போய் மருந்து எடுத்திருக்கிறார். குளிசைகளை வலைப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். மதினி கை வைக்காத பை அந்த வீட்டில் அது ஒன்றுதான். ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நாற்காலிக்குப் பயந்து கையை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்சம் அழுதேன். சாமி கண் கலங்குகிறது என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

மூன்றாவது செட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் அறிவித்தார். தலைவர் சொன்னால் சட்டம், சாமி வேறு பசியோடு இருக்கிறது. ஒருவழியாகத் தேர் வந்து, இலை விழுந்து, நான் தின்று, போனில் நம்பர் நேராக ஓடத் தொடங்கியது. அண்ணன் பந்தை என் கையில் கொடுத்து, “ஆடுறியா?” என்றார். உட்கார் என்று சொல்லவில்லை. அதற்காக அவர் காலில் விழலாம்போல இருந்தது.

மூன்றாவது செட்டில் நாங்கள் ஜெயித்தோம். எப்படித் தோற்போம்? நான் நின்ற பக்கம் பந்தை ஓங்கி அடிக்க ஆகாதவர்களில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. சாமி முகத்தில் பந்தை அடித்துவிட்டு எவன் பெண் பார்க்கப் போவான்?

ஊருக்கு உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. புறப்படும் நாள் காலையில், கைவசம் இருந்த ஒரு பொத்தானை அண்ணன் மேல்கையில் ஒட்டி, அவருடைய போனில் இணைத்து, அவருடைய நம்பரும் அபியின் போனில் ஓடும்படி செய்துவிட்டேன். முடிய முடியப் புதிது அனுப்புகிறேன். தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தாயத்து என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். சாமி வந்தவன் ஒட்டிய தாயத்துக்கு என்ன மரியாதை என்று சொல்லவும் வேண்டுமா? தங்களுக்கும் வேண்டும் என்று நாலைந்து பேர் கேட்டார்களாம்.

7

அதிலிருந்து என் மகள் தினமும் பொகவந்தலாவைக்கு அழைக்கிறாள். என்னோடு மாதத்தில் இரண்டு தரம்தான், அதில் மாற்றமில்லை. பெரியப்பாவோடு அரை மணி நேரம். ஏன் ஏறியது, என்ன தின்றாய், நடந்தாயா என்று விசாரணை. அண்ணன் எனக்குப் போன் எடுத்து முறையிட்டார். “ஒம்மக என்னய ஒரு தோச நிம்மதியா திங்க விடமாட்டேங்குது.” குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த வருஷம் நான் திருவிழாவுக்குப் போகவில்லை. பஸ் ஓட்ட மறுபடி அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அது வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய அனுமதி, அதற்கான மருத்துவப் பரிசோதனையைச் சரியாகத் திருவிழாக் கிழமையில் போட்டிருந்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த அபிதான் வீடியோவில் அழைத்து, போனை மேசையில் சாய்த்து வைத்தாள். அந்தப் பக்கம் அண்ணனின் போனை யாரோ மேட்டில் நின்று பிடித்திருந்தார்கள். பெரட்டுக் களம், சுண்ணாம்புக் கோடு, வலை. இரண்டாவது செட் முடிந்து இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன. மதினி கக்கத்தில் சீனி டின்னும் கையில் கரண்டியுமாக வந்தார். பின்னால் சாயத்தண்ணி வாளி.

முதல் ஆள் அண்ணன். மதினி கரண்டியை நீட்டினார். அண்ணன் கையை நீட்டினார். ஆனால் உள்ளங்கை கீழே பார்த்து இருந்தது.

“எனக்கு வேணாம்” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “எனக்குச் சீனி இருக்கு. நாலு வருசமா இருக்கு. நாலு வருசமும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன். போன வருசம் தம்பிக்கு வந்ததும் சாமி இல்ல, இதுதான்.”

மதினியின் கரண்டி அந்தரத்திலேயே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தால், அண்ணனுக்குச் சில நாளைக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. அபி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற செல்லையா, ஸ்டோரில் அவரோடு வேலை செய்பவர், தன் கையைப் பார்த்தார். மெதுவாகக் கவிழ்த்தார். அவருக்கு அடுத்தவர் உள்ளங்கையை நீட்டியபடியே நின்றார். அதற்கும் அடுத்தவர் கவிழ்த்தார். விசில் ஊதும் நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே கவிழ்த்தார். கடைசியில், ஆகாதவர்கள் பக்கத்தில், இன்னும் மீசை சரியாக முளைக்காத ஒருவன், யாரையும் பார்க்காமல், கையைத் திருப்பினான்.

“அப்பா, எத்தன பேர்?” என்று அபி கேட்டாள். எண்ணத் தொடங்கினேன். கண் மறைத்தது, விட்டுவிட்டேன்.

இத்தனை பேருக்கும் நாற்காலி போடுவதென்றால் கொட்டகலையிலிருந்து லொறியில்தான் கொண்டுவர வேண்டும். போட்டு முடித்தால் ஆடுவதற்கு ஆள் இருக்காது. அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். அண்ணன் பந்தை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, மூன்றாவது செட்டுக்கு வரச் சொன்னார்.

களத்தின் ஓரத்தில் சித்தப்பாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. பாதிகூடக் குறையாத சீனி டின்னை மூடி அதன்மேல் வைத்துவிட்டு, மதினி ஆட்டம் பார்க்க வந்து நின்றார்.